கதவை அடைத்த விருது

பூயெர்த்தோ அரெனால் பல்கலைக்கழகத்தில் உருப்படியாக நடந்த ஒரே காரியம் ஒரு கதவோரத்தில்தான் நடந்தது. அதனால்தானோ என்னவோ, அந்தக் கதவை அவர்கள் விட்டுவைக்கவில்லை.

வேதியியல் கட்டடத்தின் முன்கூடத்தில், வலதுபக்கச் சுவரில் இருந்தது அந்தக் கதவு. பெயின்ட் உரிந்து, கைப்பிடி ஆடிக்கொண்டு, பார்க்கச் சகிக்காமல்தான் இருக்கும். இந்தப் பக்கம், கூடத்தை ஒட்டி, டாக்டர் நெலிதா உர்கீசுவின் பாலிமர் ஆய்வுக்கூடம். அந்தப் பக்கம் கால்நடை மருத்துவமனையின் குதிரைக் கொட்டடி. காலையில் நெலிதா வெந்நீர் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு இங்கிருந்து வருவாள். கால்நடை டாக்டர் டூலியோ பஸ்ஸானி சாணி ஒட்டிய பூட்ஸோடு அங்கிருந்து வருவார். கதவு நிலையில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துகொண்டு, ஒரே சுரைக்குடுவையில், ஒரே குழலில், மாற்றி மாற்றி மாத்தே உறிஞ்சுவார்கள். கசப்பு இலைத் தண்ணீர்தான். ஆனால் அது உள்ளே போகாமல் அந்த ஊரில் எவருக்கும் மூளை திறப்பதில்லை.

அப்படி ஒரு காலையில்தான் டூலியோ புலம்பினார். "தீக்காயத்துல துணிக்கட்டு போட்டா, பிரிக்கும்போது புதுத்தோலும் சேர்ந்து பிய்ஞ்சு வருது நெலிதா. குதிரைங்க கத்துற கத்துல எனக்கே அழுகை வருது."

"என்கிட்ட ஒரு சனியன் இருக்கு" என்றாள் நெலிதா, குழலை வாயிலிருந்து எடுக்காமலே. "கடற்பாசியிலேருந்து எடுத்த பாலிமர். ஈரமா இருக்கறப்ப எதுலயும் ஒட்டித் தொலைய மாட்டேங்குது. தூக்கிக் கொட்டலாம்னு இருக்கேன்."

"ஒட்டாதா? ஐயோ தாயே, அதைக் குடு முதல்ல!"

கண்டுபிடிப்பு அவ்வளவுதான். இதற்குள் கருத்தரங்கம் இல்லை, கூட்டறிக்கை இல்லை, குத்துவிளக்கு இல்லை.

துணிக்கட்டுக்குப் பதிலாக, அந்தப் பாலிமரை மெல்லிய படலமாக வார்த்துப் புண்மேல் போட்டார்கள். படலத்துக்கு ஒரு கெட்ட குணம் மட்டும் இருந்தது. பொறுமையே கிடையாது. தட்டில் வார்த்து எடுத்தவுடன் புண்ணில் போட்டுவிட வேண்டும். திறந்து வைத்தால் காய்ந்து அப்பளமாகச் சுருண்டுவிடும். மூடி வைத்தால் வியர்த்துக் கூழாகிவிடும். கதவு பக்கத்திலேயே இருந்ததால் அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. நெலிதா தட்டை நீட்டுவாள், டூலியோ வாங்கிக்கொள்வார்.

அந்த வருடம் கொட்டடியில் ஸைனா என்றொரு பெண்குதிரை கிடந்தது. துறைமுகத்துக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் மலை தீப்பிடித்தபோது, வண்டியோடு நடுவில் சிக்கிக்கொண்ட குதிரை அது. முதுகிலும் விலாவிலும் தோல் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. காலி பாட்டில் பொறுக்கும் வண்டிக்காரன் செஃபெரினோ அதன் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருப்பான். "இது போனா நானும் போனேன் டாக்டர்" என்று ஒருதரம் சொன்னான். தினமும் புதுப் படலம் போடப் போட, விலாவோரத்தில் இளஞ்சிவப்பாகத் தோல் முளைக்க ஆரம்பித்தது. டூலியோ அதைப் பார்த்து மகராசி, மகராசி என்று குதிரையின் நெற்றியில் முத்தம் கொடுத்தார்.

இந்த நேரம் பார்த்து விருது வந்து இறங்கியது.

பல்துறைச் செயலகத்தின் தலைவி டாக்டர் மிர்த்தா ஓலிவேரி ஒரு காலை வாசனைத் திரவிய மேகத்தோடு ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தாள். துறைகளை ஒன்றுசேர்ப்பதற்காக அமைத்த செயலகம் அது. எந்தத் துறையோடும் சேராமல், தனிக் கட்டடத்தில், தனி வாயிற்காவலோடு இருந்தது.

"டாக்டரம்மா, வாழ்த்துகள்! பல்துறைப் பாலிமர் மேதைமை விருது இந்த வருஷம் உங்களுக்குத்தான்."

"நான் விண்ணப்பமே போடலியே."

"யாருமே போடல. அதனாலதான் போட்டி ரொம்பக் கடுமையா இருந்துச்சு. இன்னும் ஒரே ஒரு நேர்காணல் பாக்கி, சும்மா ஒப்புக்கு."

நேர்காணலில் நடுவர்கள் ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பேரும் நிர்வாகவியல் துறை. பல துறைக்காரர்களைப் போட்டால் ஒருமித்த முடிவு வராது என்று முன்அனுபவத்தில் கண்டறிந்திருந்தார்கள். நடுவர் தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்.

"டாக்டரம்மா, நீங்க எத்தனை சதவீதம் வேதியியல்?"

நெலிதாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "முழுசாவே வேதியியல்தாங்க."

"அடடா, அப்படிச் சொல்லக்கூடாது. நாற்பதுக்கு மேல போனா நீங்க வெறும் வேதியியல்காரங்க. முப்பதுக்குக் கீழ போனா உங்களுக்கு வேதியியலே தெரியாதுன்னு அர்த்தம். முப்பத்தஞ்சுன்னு எழுதிக்கவா?"

"எழுதிக்கங்க."

"மிச்சம் அறுபத்தஞ்சு?"

"அது டூலியோங்க. கால்நடை டாக்டர். விருதை எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துக் குடுக்கறதுதான் நியாயம்."

ஏழு பேரும் பாம்பைப் பார்த்தவர்கள் போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் மெதுவாக, நோயாளிக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"பல்துறைங்கறது ஒரு ஆளுக்குள்ள நடக்கணும் டாக்டரம்மா. ரெண்டு ஆள் சேர்ந்து செஞ்சா அது வெறும் ஒத்தாசை. ஒத்தாசைக்கெல்லாம் விருது குடுத்தா ஊர்ல எல்லாருக்கும் குடுக்கணுமே!"

டூலியோவுக்கு விழாவில் பின்வரிசையில் ஓர் இருக்கை ஒதுக்கப்பட்டது. "பரவால்ல, அங்கேருந்து ஓடறது சுலபம்" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. சிரிப்பு கண்வரைக்கும் எட்டவில்லை. நெலிதா அதைக் கவனித்தாள். விருதே வேண்டாம் என்று எழுதிப் போடலாமா என்று நினைத்தாள். அதற்குச் செயலகத்தில் வழியே இல்லை என்றார்கள். மறுப்பவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகுதான் மறுக்க முடியுமாம்.

அடுத்து, யோசனை தோன்றிய கணத்தைப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். எங்கே தோன்றியது? கதவோரத்தில். என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? மாத்தே குடித்துக்கொண்டிருந்தோம். மிர்த்தா முகத்தைச் சுளித்தாள். "ரெண்டு பேர் ஒரே குழல்லயா? பரிசு மலர்ல அதைப் போட முடியாதும்மா, சுகாதாரமா இல்ல." சுரைக்குடுவையை வாங்கி வைத்துவிட்டு நெலிதாவின் கையில் ஒரு கண்ணாடிக் குடுவையைக் கொடுத்தார்கள். உள்ளே நீலமாக ஏதோ மின்னியது.

"இதுல என்ன இருக்கு?"

"சாயத்தண்ணி. படத்துல பளிச்சுன்னு விழும். அதையே உத்துப் பாருங்க. டாக்டர் பஸ்ஸானி, நீங்க கொஞ்சம் தள்ளிக்குங்க. இன்னும் கொஞ்சம். உங்க பூட்ஸ் தெரியுது."

டூலியோ தள்ளித் தள்ளிக் கொட்டடிக்குள்ளேயே போய்விட்டார்.

படம் எடுத்த அன்று கூடவே பல்கலைக்கழகத்தின் தலைவரான ரெக்டரும் வந்திருந்தார். டாக்டர் எவரிஸ்டோ லான்ஸஃபாமே சட்டம் படித்தவர். எந்த இடத்தில் நின்றாலும் பின்னால் ஒரு திரை விலகப்போவதைப் போலவே நிற்பவர். கதவை மேலும் கீழும் பார்த்தார், கண்கள் பனித்தன.

"ஆக, வேதியியலும் மருத்துவமும் முதல்முதலா கைகுலுக்கிக்கிட்ட புண்ணிய இடம் இதுதான்!"

"ஆமாங்க, இதுதான் கதவு" என்றாள் நெலிதா.

"பல்துறைப் புகழ்ச் சுவரை எங்க எழுப்பறதுன்னு மூணு வருஷமா தேடிக்கிட்டிருக்கோம். வேற எங்க எழுப்புவோம்? இங்கயேதான்!"

"ஐயா, ஆனா இது கதவுங்களே."

"அதேதான் நானும் சொல்றேன்!" என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் நெலிதா தட்டோடு வந்தபோது கதவும் இல்லை, நிலையும் இல்லை. இருந்த இடத்தில் வெண்ணெய் போல வழுவழுப்பாக ஒரு சுவர். கூடத்துப் பக்கம் மட்டும் பளிங்கு மாதிரி நரம்பு ஓடப் பெயின்ட் அடித்திருந்தார்கள். நடுவில் பித்தளை எழுத்தில் அவள் பெயர். அதற்குக் கீழே ‘துறைகளுக்கு நடுவே சுவர்கள் இல்லை' என்று ஒரு வாசகம்.

அவள் தட்டை வைத்துக்கொண்டு வாயைப் பிளந்தபடி நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து டூலியோவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "நெலிதா! என்ன எழவு இது?"

படலம் வார்க்கும் கருவியை ஆய்வுக்கூடத்திலிருந்து நகர்த்த முடியாது. இனி ஒரே வழி, வெளிவாசல் வழியாகப் போய், நூலகத்தைச் சுற்றி, கால்பந்து மைதானத்தைத் தாண்டிப் போவது. அந்த ஊரில் தெற்குக் காற்று அடித்தால் துணிக்கொடியில் துணி இருக்காது, பக்கத்து ஊரில் இருக்கும். நெலிதா கோட்டைக் கழற்றித் தட்டுக்குக் கூடாரம் போட்டபடி, நாற்பத்தெட்டு வயதில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது தட்டில் அப்பளம்தான் இருந்தது. மூடி வைத்து ஓடிப் பார்த்தாள், கூழாகிப்போனது. டூலியோ எதிரே ஓடி வந்து பாதிவழியில் வாங்கிப் பார்த்தார். மைதானத்து மண் பாதி, படலம் பாதி. செஃபெரினோ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான். வேறு வழியில்லாமல் மறுபடியும் துணிக்கட்டு போட்டார்கள். பிரிக்கும்போது முளைத்த தோலெல்லாம் பிய்ந்து வந்தது. ஸைனா கத்திய கத்தல் சுவரைத் தாண்டி முன்கூடம் வரைக்கும் கேட்டது.

நெலிதா மிர்த்தாவிடம் ஓடினாள்.

"சுவரைக் கொஞ்சம் திறந்து குடுங்கம்மா. ஒரு கை போற அளவுக்கு. ஒரு உயிர் போய்க்கிட்டிருக்கு."

"புரியுது, ரொம்ப வருத்தமா இருக்கு" என்றாள் மிர்த்தா. வருத்தமாக இருப்பதற்கு அவளிடம் தனியாக ஒரு முகம் இருந்தது, அதை எடுத்து மாட்டிக்கொண்டாள். "ஆனா அது ரெண்டு துறை சம்பந்தப்பட்ட கோரிக்கையா இருக்கே? தனித்துறைக் கோரிக்கைன்னா உடனே பார்த்துடுவாங்க. ரெண்டு துறைன்னா எங்க செயலகத்துக்குத்தான் வரும். நாங்க எல்லாரும் இப்ப உங்க விழா வேலையில மூழ்கிக் கிடக்கோம்."

"அப்ப விழாவே வேணாங்கறேன்."

"பல்துறை அறிஞர்களுக்கு இந்தத் தன்னடக்கம்தான் அழகு" என்று அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு விருதுக் கோப்பையைக் காட்டினாள். ஒன்றையொன்று இறுகப் பற்றிய இரண்டு கைகள், முழு வெண்கலம். நெலிதா தூக்கிப் பார்த்தாள், மணிக்கட்டு இற்றுவிடும் போலிருந்தது.

"பாலிமர் விருதுதானே, பாலிமர்லயே செஞ்சிருக்கலாமே?"

"பிளாஸ்டிக்லயா? ஐயையே! மலிவாத் தெரியுமே" என்றாள் பல்துறைச் செயலகத் தலைவி.

விழாவன்று காலை டூலியோ மைதானம் சுற்றி மூச்சிரைக்க வந்தார். அன்று அவர் கேலி எதுவும் பேசவில்லை.

"சீழ் பிடிச்சிருச்சு நெலிதா. இனிமே துணிக்கட்டு போடறது பாவம்னு எங்க ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் சொல்லிட்டார். சாயங்காலத்துக்குள்ள வழி இல்லேன்னா ஊசி போட்டு முடிச்சிடச் சொல்றார். செஃபெரினோகிட்ட இன்னும் சொல்லல."

நெலிதா சுவரைப் பார்த்தாள். பித்தளையில் அவள் பெயர் மினுமினுத்தது. "யோவ், நீ கொட்டடியை விட்டு நகராதே. நான் படலம் வார்த்து வைக்கிறேன். எல்லார் முன்னாடியும் ரெக்டரைக் கேக்கறேன். அத்தனை பேர் முன்னாடி மாட்டேன்னா சொல்லுவார்?"

"சொல்ல மாட்டார். வேற ஏதாவது சொல்லுவார்" என்றார் டூலியோ.

முன்கூடத்தில், சுவருக்கு எதிரே, நாற்காலிகள் நிரம்பி வழிந்தன. துறைமுகத் தொழிற்சாலை அதிபர்கள், மேயர், மேயரின் மாமியார், ராணுவ வாத்தியக் குழு. வேதியியல் துறைக்காரர்களும் கால்நடைத் துறைக்காரர்களும் கலந்துவிடாதபடி நடுவில் கயிறு கட்டியிருந்தார்கள். நெலிதா தட்டில் படலத்தை வார்த்து மேடைக்கு அருகிலேயே, மேசைப்பூக்களுக்குப் பின்னால் காற்றுப் படாமல் வைத்திருந்தாள். அது காய்வதற்குள் பேச்சுகள் முடிய வேண்டும் என்று நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மிர்த்தா முதலில் பேசினாள். "எங்க செயலகம் தொடங்கின நாளிலேருந்து துறைகளுக்கு நடுவுல இருக்கிற தடைகளை ஓயாம தேடினோம். இன்னிக்கு வரைக்கும் பதினேழு தடையைக் கண்டுபிடிச்சிருக்கோம். கண்டுபிடிச்சதோட விடல. ஒவ்வொரு தடைக்கும் ஒரு அதிகாரி, ஒரு உதவி அதிகாரி போட்டிருக்கோம்!"

கைதட்டல்.

நடுவர் தலைவர் எழுந்தார். "டாக்டரம்மாவோட ஆராய்ச்சிக் கட்டுரைகளை நாங்க படிக்கல. பாரபட்சம் வந்துடுமோங்கற பயம்தான். அவங்களை நேரில பார்த்தோம், ஒண்ணும் புரியல. ஏழு பேருக்கும் ஒரே மாதிரி புரியல. அந்த ஒற்றுமையை வெச்சுத்தான் முடிவுக்கு வந்தோம்."

இன்னும் பலமான கைதட்டல். நெலிதா தட்டை எட்டிப் பார்த்தாள். ஓரம் லேசாக வெளிறத் தொடங்கியிருந்தது.

பிறகு ரெக்டர். அவர் நெஞ்சில் கைவைத்து ஆரம்பித்தார். "பாலிமர்னா என்னன்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது. இதை நான் ஒளிக்கல, பெருமையாச் சொல்றேன். தெரிஞ்சுக்கிட்டா நான் ஒரு துறைக்காரனாயிடுவேன். அப்புறம் எல்லாத் துறைக்கும் பொதுவா இருக்கறது எப்படி? ஒண்ணும் தெரியாதவனால மட்டும்தான் எல்லாத்தையும் இணைக்க முடியும். இந்தப் பல்கலைக்கழகத்துல அந்தத் தகுதி இருக்கிறவங்களை நான் தேடித் தேடிப் பதவியில உக்கார வெச்சிருக்கேன்."

அதிகாரிகள் வரிசை நெகிழ்ந்துபோய் எழுந்து நின்று தட்டியது. பேச்சு ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. படலத்தின் ஒரு முனை மெல்லச் சுருளத் தொடங்கியபோதுதான் அவர் முடித்தார். கோப்பையை நெலிதாவின் கையில் வைத்து ஒலிவாங்கியை நீட்டினார்.

"ரெக்டர் ஐயா, எனக்குக் கோப்பை வேணாம்" என்றாள் நெலிதா. "அந்தக் கதவைத் திருப்பிக் குடுங்க."

"ஆகா!" என்றார் ரெக்டர் சபையைப் பார்த்து. "என்ன அழகான உருவகம்!"

"உருவகம் இல்லீங்க. கதவு. பலகைக் கதவு. கைப்பிடி ஆடுமே, அந்தக் கதவு."

"கைப்பிடி ஆடும்! கேட்டீங்களா? நம்ம நிச்சயமின்மைகளைச் சொல்றாங்க!"

கூடமே கைதட்டியது. மேயரின் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் சுவருக்குள்ளிருந்து டொக், டொக், டொக் என்று சத்தம் வந்தது. டூலியோ தட்டுகிறார். அதன் பின்னாலேயே ஸைனாவின் கனைப்பு, ஈனமாக, இழுத்து இழுத்து. வாத்தியக் குழுத் தலைவர் இது நிகழ்ச்சிநிரலில் இருக்கிறதா என்று தாளைப் புரட்டினார்.

நெலிதாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "நாசமாப் போங்கடா!" என்றாள், ஒலிவாங்கியிலேயே. கோப்பையை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கினாள். தன் பெயர் இருந்த இடம் பார்த்து ஓங்கிப் போட்டாள்.

சுவர் வெறும் சுண்ணாம்பு பூசிய அட்டைப்பலகை. நரம்பு ஓடிய பளிங்கெல்லாம் மாவு மாவாக உதிர்ந்தது. நெலிதா என்ற பாதிப் பெயர் தரையில் விழுந்து உருண்டது, உர்கீசு என்பது மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு போடு. ஓட்டை விழுந்தது. அதற்குள்ளிருந்து சுண்ணாம்புத்தூள் படிந்த ஒரு முரட்டுக் கை நீண்டது. நெலிதா பூக்களைத் தள்ளிவிட்டு, தட்டை எடுத்து, அந்தக் கையில் வைத்தாள்.

"ஓரம் கொஞ்சம் காஞ்சிருக்கு, வெட்டிட்டுப் போடு!"

"போடறேன், போடறேன்!" என்றது கை.

"பாதுகாவலர்!" என்று மிர்த்தா அலறினாள். ரெக்டர் ஒரு கணம் திணறினார். சபையைப் பார்த்தார். சபை நின்றுகொண்டு தட்டிக்கொண்டிருந்தது, மேயர் விசில் அடித்துக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் தட்டுகிறார்களோ அந்தப் பக்கம் சாய்வதில் ரெக்டருக்கு முப்பது வருட அனுபவம். ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனார்.

"இதைத்தான் நாங்க திட்டமிட்டிருந்தோம்!"

மறுநாளே ஓட்டைக்கு ‘பல்துறைத் திறப்பு' என்று பெயர் சூட்டி, சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டி, அதைப் பாதுகாக்க ஒரு குழு அமைத்தார்கள். கோப்பையை ஒட்டிய சுண்ணாம்போடு அப்படியே ஒரு பீடத்தில் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். ஓட்டையின் விளிம்பு சிதையாமலிருக்க மேலே கண்ணாடி பதிக்க வேண்டும் என்று குழு முடிவு செய்தது. அக்ரிலிக் பலகை போடலாம், பாலிமர்தானே என்று நெலிதாவின் மாணவன் ஒருவன் சொன்னதற்கு, அது மலிவாகத் தெரியும் என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார்கள்.

கண்ணாடி எந்தத் துறையின் பொறுப்பு என்று தீர்மானிக்கச் செயலகத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அத்தனை நாளும் ஓட்டை திறந்தே இருந்தது. தினமும் காலை நெலிதா சிவப்புக் கயிற்றுக்கு அடியில் குனிந்து போய்த் தட்டை நீட்டினாள், டூலியோவின் கை வாங்கிக்கொண்டது. அதே ஓட்டை வழியாகச் சுரைக்குடுவையும் போய் வந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் சோம்பேறித்தனத்தால் ஓர் உயிர் பிழைத்தது அதுதான் முதல் தடவை. ஸைனா எழுந்து நின்றது, நடந்தது. செஃபெரினோ அதைக் கூட்டிக்கொண்டு போன அன்று ஓட்டைக்குள் முகத்தை வைத்து, "டாக்டரம்மா, நல்லா இருங்க" என்றான். அதற்குள் அழுதுவிட்டான், நெலிதாவும் அழுதாள்.

அதற்கப்புறம் கண்ணாடி வந்தது. நல்ல தடித்த கண்ணாடி. நெலிதாவும் டூலியோவும் இரண்டு பக்கமும் நின்று மீன்தொட்டி மீன்கள் போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டூலியோ ஏதோ சொன்னார், வாய் அசைந்ததுதான் தெரிந்தது. அந்த வாரமே குப்பைமேட்டில் மறுபடி தீ. ஒரு வண்டிக்குதிரையும் அதன் குட்டியும் கொட்டடிக்கு வந்து சேர்ந்தன. நெலிதா மனு எழுதினாள். ரெண்டு துறைக் கோரிக்கை, வரிசையில் இருக்கிறது என்று பதில் வந்தது.

அன்று சாயங்காலம் டூலியோவின் அறைத் தொலைபேசி மணி அடித்தது. மிர்த்தா. குரலில் தேன்.

"டாக்டர் பஸ்ஸானி, வாழ்த்துகள்! விதிகளை மாத்திட்டோம். இந்த வருஷப் பல்துறைப் பாலிமர் மேதைமை விருது உங்களுக்குத்தான். விழா வர்ற வெள்ளிக்கிழமை, அதே கூடத்துல, பல்துறைத் திறப்புக்கு முன்னாடியே. வந்துடுவீங்கதானே?"

டூலியோ கொட்டடிப் பக்கம் பார்த்தார். குட்டி எழுந்து நிற்க முயன்று முயன்று மடங்கி விழுந்துகொண்டிருந்தது.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கோப்பை அதே வெண்கலம்தானே?"

"அதைவிடப் பெரிசு டாக்டர்! போன வருஷம் சின்னதாத் தெரிஞ்சுச்சுன்னு ரெக்டர் ஐயா குறைப்பட்டார். இந்தத் தடவை ரெண்டு மடங்கு கனம்."

"அப்படியா? அப்ப கண்டிப்பா வர்றேன்" என்றார் டூலியோ.